மோட்டோ குட்ஸி 850 டி3: மினுங்குகிற சிவப்பா, ஓடித் தேய்ந்த கறுப்பா?

#1 ரைன்கரை

வணக்கம் எல்லோருக்கும். சுவிஸில் கூர் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பதினாறு வருடமாக ஜப்பான் பைக்தான். ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் ஸ்ப்ளூகன் கணவாயில் இத்தாலிப் பக்கத்திலிருந்து அந்த ஊர்த் தயாரிப்பான பழைய குட்ஸி பைக் ஏதாவது ஏறி வந்தால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு அந்தச் சத்தம் வளைவுக்கு வளைவு மேலே வருவதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். இந்த வருடம் நாற்பத்தைந்து வயது முடிகிறது. இனியும் தள்ளிப்போட மனமில்லை.

எடுக்க நினைப்பது 850 டி3. குட்ஸியின் பந்தயச் சாயல் மாடலான லெ மான்ஸின் விலை எனக்கு எட்டாது. டி3யிலும் அதே 844 சிசி அளவுதான், முடுக்கம் கொஞ்சம் சாந்தம். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் வட இத்தாலியில், லொம்பார்டியாவில்.

ஒன்று 1977, சிவப்பு. புதுப் பெயின்ட், குரோம் எல்லாம் கண்ணாடி மாதிரி. பதினான்கு வருடம் ஒரு கூடத்தில் நின்றது. மீட்டரில் 31,000 கி.மீ. கேட்கும் விலை 7,800 யூரோ.

மற்றது 1978, கறுப்பு. பெயின்ட் மங்கிவிட்டது, பெட்ரோல் டாங்கியில் ஒரு பள்ளம், சீட் கிழிந்து தைத்தது. 94,000 கி.மீ. ஒரே குடும்பத்தில் இருந்தது, போன வருடம் வரை ஓடியது. ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் பற்றுச்சீட்டு வைத்திருக்கிறார்கள். 6,200 யூரோ.

மனம் சிவப்பில் நிற்கிறது. போய்ப் பார்க்கும்போது எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய புல்லட்

நான் சென்னை. குட்ஸியைத் தொட்டதுகூட இல்லை, ஆனால் அப்பா வாங்கிய 1986 புல்லட் இன்னும் என்னிடம் ஓடுகிறது. நடுவில் நான்கு வருடம் ஷெட்டில் நின்றது. திரும்ப எடுத்தபோது டேங்க் உள்ளே துரு, கார்புரேட்டர் அடைப்பு, கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, ஆயில் சீல் எல்லாம் காய்ந்து போயிருந்தது. ஓட்டிய பத்து வருடத்தில் ஆகாத செலவு அந்த நான்கு வருடத்துக்கு ஆனது. பதினான்கு வருடம் என்றால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஒரு சந்தேகம். இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் ஏன் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன? அதனால் ஓட்டுபவருக்கு என்ன லாபம்?

#3 திருகாணி

மிலானுக்கு வடக்கே ஒரு கராஜில் வேலை. பழைய குட்ஸிகள் என் கையில் நிறைய வந்து போயிருக்கின்றன. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சென்னைத் தம்பியின் கேள்வி. இது 90 பாகை 'வி' வடிவ எஞ்சின். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு வண்டியின் நீளவாக்கில் கிடக்கிறது. அதனால் இரண்டு சிலிண்டருக்கும் காற்று நேராகப் படும். எஞ்சினுக்குப் பின்னால் கிளச், அதற்குப் பின்னால் கியர்பெட்டி, அங்கிருந்து கார்டன் என்கிற ஒரு தண்டு நேரே பின்சக்கரத்துக்கு. சங்கிலி கிடையாது. வால்வு இடைவெளி சரிசெய்ய ஸ்டூலில் உட்கார்ந்து மூடியைக் கழற்றினால் போதும், டாங்கியைக்கூடத் தூக்கத் தேவையில்லை. சிலிண்டரையே கழற்ற வேண்டுமென்றாலும் எஞ்சினை இறக்க வேண்டாம்.

இந்த எஞ்சினைக் குட்ஸியின் பொறியியலாளர் ஜூலியோ சேசரே கார்கானோ வரைந்தார், 1967இல் வி7 என்று வந்தது. அதில் டைனமோ எஞ்சினின் தலைக்கு மேலே இருந்ததால் வண்டி உயரமாக நின்றது. பிறகு வந்த லினோ தொன்தி அதை எடுத்துவிட்டு, கிராங்கின் முன் நுனியில், மின்சாரம் தருவதற்கு ஆல்டர்னேட்டரை வைத்தார். மேலே கிடைத்த இடத்தில் சட்டத்தின் குழாய்களைத் தாழ்த்தி நேராக இழுத்தார். 1971 வி7 ஸ்போர்ட்டில் தொடங்கிய அந்தச் சட்டம்தான் 1975இல் வந்த டி3யிலும் இருக்கிறது. கீழ்க் குழாய்கள் போல்ட்டில் கழன்று வரும். எஞ்சினைத் தரையில் விட்டுவிட்டு மிச்ச வண்டியைத் தூக்கிவிடலாம். இப்படி யோசித்து ஒருவர் வண்டி செய்ததற்காகவே எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

சரி, ரைன்கரைத் தம்பி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெயின்டைப் பார்க்காதீர்கள், சிலிண்டரின் உள்ளே பாருங்கள். அந்தக் காலத்துப் பெரிய குட்ஸிகளில் சிலிண்டர் உட்சுவரில் கடினக் குரோம் பூச்சு. ஓடிக்கொண்டே இருந்த வண்டியில் அது நீண்ட நாள் தாங்கும். வருடக்கணக்காக நின்று, உள்ளே ஈரம் படிந்து, பிறகு திடீரென்று ஓடினால் பூச்சு விளிம்பிலிருந்து உரியத் தொடங்கலாம். உரிந்த துகள் ஒயிலில் கலந்து பேரிங்குகளைத் தின்னும். வடிகால் திருகில் காந்தம் இருக்கிறது, அது பிடித்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். குரோமியத்தைக் காந்தம் இழுக்காது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சின்னக் கமெரா விட்டுப் பார்ப்பதே வழி. இப்போது கைபேசியில் மாட்டுகிற கமெரா மலிவாகவே கிடைக்கிறது.

பூச்சு போயிருந்தால் துளைத்துப் பெரிதாக்கி மாற்று பிஸ்டன் போட முடியாது. நிக்கசில் பூசிய சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த தொகுதிதான் வாங்க வேண்டும். நிக்கலில் சிலிக்கன் கார்பைட் கலந்த பூச்சு அது. குட்ஸி தொழிற்சாலை இருக்கும் மாண்டெல்லோவிலேயே ஜிலார்தோனி என்ற நிறுவனம் செய்தது. போட்டுவிட்டால் உங்கள் ஆயுளுக்குப் போதும்.

அடுத்தது, சாவியைத் திருப்பியதும் மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம், அல்லது ஆல்டர்னேட்டரின் ரோட்டர் சுருள் அறுந்திருக்கலாம். விளக்கு எரியாததை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிறகு, நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கார்டன் தண்டின் யுனிவர்சல் ஜொயின்ட் தேய்ந்திருந்தால் 'டக்' என்று கைக்குத் தெரியும். ரப்பர் உறை வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக அந்தச் சப்பாத்துப் பெட்டி. டி3யில் ஒயில் பில்டர் எஞ்சினின் அடித்தட்டுக்குள் இருக்கிறது. அதை மாற்ற அடித்தட்டையே இறக்க வேண்டும், அதனால் சோம்பேறிகள் மாற்றாமலே விடுவார்கள். இறக்கினால் இடையில் இருக்கும் மெல்லிய கேஸ்கட்டையும் புதிதாகப் போட வேண்டும். பற்றுச்சீட்டுகளில் அடித்தட்டுக் கேஸ்கட் எத்தனை தடவை வாங்கியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை மீட்டரைவிட உண்மை சொல்லும்.

#4 அசல்பிரியன்

திருகாணி சொன்னது எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. அசல் குரோம் சிலிண்டர் நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்றி எறியச் சொல்லாதீர்கள். நான் லண்டனில் 1972 டுகாட்டி 750 ஜிடி வைத்திருக்கிறேன். அதன் திருகுகளின் தலைகளைக்கூட மாற்றவில்லை. ஃபேபியோ தாலியோனி வரைந்த எஞ்சினை அவர் காலத்து உலோகத்தோடு கேட்பது வேறு. எல்லாரும் எளிதானதை மாற்றிக்கொண்டே போனால் ஐம்பது வருடம் கழித்து அசல் எது என்று காட்ட ஒரு வண்டியும் இருக்காது.

சிவப்பு வண்டியில் சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சக்கரம், கார்புரேட்டர், மீட்டர்கள் அசலா? அதெல்லாம் இருந்தால் 7,800 அதிகமில்லை.

#5 செங்காந்தள்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது சின்னக் குட்ஸி, வி50, 490 சிசி. ஒரு தோழியின் டி3யை இரண்டு கோடைகள் அடிக்கடி மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறேன். எல்லாரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறீர்கள், ஓட்டும்போது என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன்.

நின்ற இடத்தில் முறுக்கினால் வண்டி வலப்பக்கம் சாயப் பார்க்கும். கிராங்க் நீளவாக்கில் சுற்றுவதால் வரும் இழுப்பு அது. ஓடத் தொடங்கினால் மறந்துவிடுவீர்கள். டெல்ஓர்டோ கார்புரேட்டரின் ஸ்பிரிங் கடினம், ஒரு மணி நேரத்தில் வலது மணிக்கட்டு வலிக்கும். இலகுவான ஸ்பிரிங் கிடைக்கிறது, முதல் வேலையாக அதை மாற்றுங்கள். (அசல்பிரியன் அண்ணா மன்னிக்க வேண்டும், பழையதை ஒரு உறையில் போட்டு வைக்கலாம்.)

சைட் ஸ்டாண்ட் கவனம். பாரம் விட்டதும் தானாக மடங்கிக்கொள்ளும் வகை. சரிவான இடத்தில் வண்டி கொஞ்சம் உருண்டாலும் விழும். கிட்டத்தட்ட 240 கிலோ, தனியாகத் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நான் எங்கே போனாலும் நடு ஸ்டாண்ட்தான்.

பிறேக் டி3யில் விசேஷம். முந்தைய மாடலான 850 டியிலிருந்து அதைப் பிரிப்பதே இதுதான். மூன்று டிஸ்க். கை லீவர் முன்பக்க டிஸ்க்குகளில் ஒன்றை மட்டும் பிடிக்கும். கால் பெடல் மற்ற முன் டிஸ்க்கையும் பின் டிஸ்க்கையும் சேர்த்துப் பிடிக்கும். முதல் நாள் கால் தயங்கும். பழகியபின், மழையில் மலை இறங்கும்போது இதைவிட நிதானமான பிறேக் அந்தக் காலத்து வண்டியில் நான் கண்டதில்லை. சிலர் இதைப் பிரித்துச் சாதாரணமாக மாற்றிவிடுகிறார்கள். நீங்கள் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், ஆயிரம் கிலோமீட்டராவது அப்படியே ஓட்டுங்கள்.

#6 ரைன்கரை

சனிக்கிழமை சிவப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் நான் பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தும், போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. கையை அருகில் கொண்டுபோனதுமே தெரிந்தது. குளிரில் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும், ஆறட்டும் என்றேன். நேரமில்லை என்றார். பிளக்கைக் கழற்றிக் கமெரா விடலாமா என்றேன். "புதுசாகச் செய்த வண்டி, அதில் ஸ்பானர் போட விடமாட்டேன்" என்றார். என்ன செய்தார்கள் என்று கேட்டால் பெயின்ட், குரோம், சீட். உள்ளே என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. சார்ஜ் விளக்கும் எரியவில்லை.

எண்கள் பொருந்துகின்றன, சக்கரம் எல்லாம் அசல். அப்படியிருந்தும் மனம் இரண்டாகிவிட்டது.

#7 திருகாணி

திரும்பிப் போகாதீர்கள் தம்பி. வண்டி நல்லதாகக்கூட இருக்கலாம். ஆனால் ஐந்து நிமிட வேலைக்குச் சம்மதிக்காதவரிடம் 7,800 கொடுத்தால், உள்ளே இருப்பது உங்கள் பொறுப்பு. சிலிண்டர் தொகுதி, சீல்கள், முன் போர்க்கின் டாம்பர்கள், ரோட்டர் என்று எல்லாவற்றுக்கும் காசு எடுத்து வைத்துவிட்டுத்தான் அதை வாங்கலாம்.

#8 பழைய புல்லட்

இங்கே எங்கள் மெக்கானிக் ஒருவர் சொல்வார், வண்டி பார்க்கப் போனால் முதலில் கையை எஞ்சின் மேல் வை என்று. நீங்கள் அதைச் செய்ததைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கறுப்பு வண்டி என்னாச்சு? காத்திருக்கிறேன்.

#9 ரைன்கரை

கறுப்பு வண்டியையும் பார்த்தேன். ஓட்டினேன்.

வயதான அம்மா ஒருவரும் மகளும் விற்கிறார்கள். ஓட்டியவர் அந்த அம்மாவின் கணவர், போன இலையுதிர்காலத்தில் காலமாகிவிட்டார். வண்டி குளிர்ந்திருந்தது. மகளுக்கு அதைக் கிளப்பத் தெரிந்திருந்தது. பெட்ரோல் குழாய் இரண்டையும் திறந்து, சோக்கை இழுத்து, ஸ்டார்ட்டரை அழுத்தினாள். இரண்டு மூன்று சுற்று கனமாகச் சுற்றிவிட்டுப் பிடித்தது. முதலில் ஒரு சிலிண்டர், அப்புறம் மற்றதும் சேர்ந்துகொண்டது. விளக்கு எரிந்து, முறுக்கியதும் அணைந்தது.

கமெரா விட்டுப் பார்த்தேன். உட்சுவர் ஒரே சீரான சாம்பல் நிறம், உரிந்த இடம் இல்லை. பிறகு சப்பாத்துப் பெட்டியைத் திறந்தோம். 1994இல் நிக்கசில் தொகுதி மாற்றிய பற்றுச்சீட்டு இருக்கிறது. அடித்தட்டுக் கேஸ்கட் பதினேழு. நான் எண்ணியபோது அந்த அம்மாவும் பக்கத்தில் இருந்து சேர்ந்து எண்ணினார். ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் பென்சிலில் கிலோமீட்டரும் போன ஊரின் பெயரும் எழுதியிருக்கிறது.

குறைகள்: பின் டிஸ்க் மெலிந்துவிட்டது. போர்க்கில் இடப்பக்கம் ஒயில் கசிவு. கியர்பெட்டியில் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு அவசரப்பட்டால் முறைக்கிறது, ஒரு நொடி பொறுத்துப் போட்டால் வெண்ணெய். விலை பேச எனக்கு வாய் வரவில்லை. மகளே 5,900 என்றாள்.

#10 அசல்பிரியன்

நிக்கசில் மாற்றிய வண்டி. சரி. கழற்றிய பழைய சிலிண்டர்கள் அவர்களிடம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் வாங்கி எண்ணெய் தடவி வையுங்கள். நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் விலை இல்லை. அந்த வண்டி 1978இல் எப்படி வெளியே வந்தது என்பதற்கு அவை சாட்சி.

#11 திருகாணி

அசல்பிரியன், இதில் உங்களோடு நான் ஒத்துப்போகிறேன், பழையதை வைத்திருக்கட்டும். ஆனால் அசல் என்பதைப் பற்றி என் எண்ணம் வேறு. இந்த வண்டிகளை இத்தாலியில் பொலிசும் ஓட்டினார்கள், அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலஸ் பொலிசும் குட்ஸி வி7 வகைகளை வாங்கினார்கள். நாள் முழுக்க ஓடி, இரவில் பழுது பார்த்து, காலையில் திரும்ப ஓடுவதற்காகச் செய்த எஞ்சின் இது. தேய்ந்த பாகத்தை மாற்றி 94,000 ஓட்டிய மனிதர் அதை அதன் இயல்புப்படிதான் நடத்தியிருக்கிறார். உங்கள் டுகாட்டியை நீங்கள் பாதுகாப்பதும் தேவை. ஆனால் எல்லா டி3யும் அப்படி நின்றால், இதைத் திருத்தத் தெரிந்த கைகள் எங்களோடு முடிந்துவிடும். என் கராஜில் இப்போது இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் வால்வு சரிசெய்யப் பழகுகிறான் என்றால், ஓடித் தேய்ந்து வரும் வண்டிகள் இருப்பதால்தான்.

#12 அசல்பிரியன்

இதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை, யோசித்தேன். என் 750 ஜிடி போன வருடம் 300 மைல்தான் ஓடியது. நீங்கள் சொல்வதில் எனக்கு உறைப்பது அதுதான். ஆனாலும் சிலிண்டர்களைக் கேளுங்கள் தம்பி.

#13 ரைன்கரை

கேட்டேன். நிலவறையில் பழைய துணியில் சுற்றி வைத்திருந்தார் மனிதர். சும்மாவே தந்துவிட்டார்கள்.

வண்டியை வாங்கிவிட்டேன். சுவிஸுக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்காக: இத்தாலியில் ஏற்றுமதிக்கென்று பதிவை நீக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நீக்கியபின் ரோட்டில் ஓட்ட முடியாது, நான் டிரெய்லரில் ஏற்றி வந்தேன். சுங்கத்தில் விலைக்கு 8.1 விழுக்காடு வரி, 13.20ஏ படிவத்தில் முத்திரை. லிப்ரெட்டோவில், அதாவது இத்தாலியப் பதிவுப் புத்தகத்தில், உள்ள சட்ட எண்ணை அங்கே ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்கள். முப்பது வருடம் தாண்டிய வண்டி என்பதால், பழைய வண்டிகளுக்கான வெட்டரன் பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அது கிடைத்தால் பரிசோதனை ஆறு வருடத்துக்கு ஒரு தடவைதான். பரிசோதனைக்கு முன் பின் டிஸ்க்கும் போர்க் சீலும் மாற்றினேன்.

#14 ரைன்கரை

நேற்று முதல் நீண்ட ஓட்டம். மாண்டெல்லோ வரை போய் வந்தேன்.

துசிஸ் தாண்டி வியாமாலாப் பள்ளத்தாக்கில் குளிர் இன்னும் போகவில்லை. ஸ்ப்ளூகன் கிராமத்திலிருந்து கணவாய் ஏறத் தொடங்கியதும் எனக்கு முதல் பாடம். ஜப்பான் பைக்கில் வளைவுக்குள் போய்ப் பயந்தால் முறுக்கை விட்டுவிடுவேன். இதில் விட்டால் கார்டன் தண்டின் குணத்தால் பின்பக்கம் தாழ்ந்து, வண்டி தரையை நோக்கி வருகிறது. ஆகவே வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்து, கியரை அமைதியாகப் போட்டு, உள்ளே போனதும் லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டே வெளியே வர வேண்டும். பத்தாவது வளைவில் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு மூன்றாவது கியரிலேயே கிடந்து, எஞ்சின் தட்டித் தட்டி இழுத்துக்கொண்டு போனது. 2,100 மீட்டருக்கு மேலே, எல்லைக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன், நடு ஸ்டாண்டில்தான் செங்காந்தள் அக்கா.

இறக்கத்தில் மொன்தெஸ்புளூகா ஏரி, அதன் பிறகு பியானாட்சோ பக்கத்துச் சுரங்கக் கூடங்கள். கூடத்துக்குள்ளேயே கொண்டை ஊசி வளைவு, தரை ஈரம், வெளிச்சம் குறைவு. அங்கேதான் கால் பிறேக்கின் அருமை விளங்கியது. முன்பக்கம் குத்தவே இல்லை, வண்டி முழுதாகக் கீழே அமர்ந்து வேகம் குறைந்தது. இந்தப் பாதையை 1818இல் தொடங்கிப் போட்டவர் கார்லோ தொனெகானி என்ற பொறியியலாளர், ஸ்டெல்வியோ கணவாய்ப் பாதையும் அவருடையதே. குதிரை வண்டி திரும்புவதற்குப் போட்ட வளைவில் இந்த எஞ்சின் திரும்புகிற வேகம் அளவாகப் பொருந்துகிறது.

கியாவென்னாவில் கோப்பி. கொலிகோவிலிருந்து நெடுஞ்சாலையை விட்டுவிட்டு ஏரிக்கரை வழியாக பெல்லானோ, வரென்னா, லியெர்னா. கல் வீடுகளுக்கு நடுவே போகும்போது சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. எத்தனை வருடம் ஓரமாக நின்று கேட்ட சத்தம், இப்போது என் முழங்காலுக்குப் பக்கத்தில்.

மாண்டெல்லோவில் அந்தச் சிவப்பு வாசல் கதவுக்கு முன்னால் நிறுத்தினேன். முதல் உலகப் போரில் ஒன்றாகச் சேவை செய்த மூன்று பேர் போட்ட திட்டம் இது. கார்லோ குட்ஸி எஞ்சின் செய்வது, ஜோர்ஜியோ பரோடி முதல் திரட்டுவது, விமானி ஜொவான்னி ரவெல்லி பந்தயம் ஓட்டுவது. ரவெல்லி 1919இல் விமான விபத்தில் இறந்துபோனார். மற்ற இருவரும் 1921இல் கம்பனியைத் தொடங்கியபோது அவருக்காகக் கழுகைச் சின்னமாக வைத்தார்கள். என் டாங்கியில் அந்தக் கழுகின் ஒரு சிறகு பெயின்ட் உரிந்திருக்கிறது. அதை நான் பூசப்போவதில்லை.

வரும் வழியில் சப்பாத்துப் பெட்டிக்காரரின் வீட்டுக்குப் போனேன். அம்மா பல்கனியில் நின்றார். வீதி முனையில் நான் திரும்பும்போதே தெரிந்துவிட்டது என்றார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும் திருகாணி அண்ணா. காலையில் பார்த்தால் தரையில் ஒரு சின்னப் பொட்டு ஒயில். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில், அடியில் ஒரு சின்னத் துளை இருக்கிறதே, அங்கிருந்து. கிளச் வழுக்கவில்லை.

#15 திருகாணி

அந்தத் துளை அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். கிளச் காய்ந்த வகை, அந்த அறைக்குள் ஒயில் வரக்கூடாது. வந்தால் வெளியே காட்டிக்கொடுக்கும். விரலில் தொட்டு மணந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் கியர் ஒயில், கியர்பெட்டியின் முன் சீல். வாடை இல்லாமல் கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஒயில், கிராங்கின் பின் சீல். இரண்டுக்கும் கியர்பெட்டியை இறக்க வேண்டும். எது கசிந்தாலும் இரண்டு சீலையும் ஒன்றாக மாற்றிவிடலாம், கிளச் தட்டுகளின் பற்களையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வழுக்கத் தொடங்கும்வரை ஓட்டலாம், ஆனால் தினமும் பொட்டின் அளவைப் பாருங்கள். அடுத்த மாதம் இரண்டாவது சனி எனக்கு வசதி. காலையில் வாருங்கள், சட்டத்தைத் தூக்கி எஞ்சினைத் தரையில் வைத்துச் செய்வோம். பையனுக்கும் அதை ஒரு தடவை காட்ட வேண்டும்.

#16 ரைன்கரை

மணந்து பார்த்தேன். கந்தகம். இரண்டாவது சனி காலை எட்டு மணிக்கு வருகிறேன் அண்ணா.